சகலை வண்டிச் சாவி

அப்துல் ஷுக்கூருக்குப் பொறாமை வந்த கதையை அவருடைய சகலைக்குக் கார் வந்த நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் பொறாமைப்படுகிற அளவுக்குத் தருமபுரியில் ஆள் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு மேஜை, சாமானை இறுக்கிப் பிடிக்க மேஜையில் முடுக்கிய வைஸ், டப்பா நிறைய அரம். பூட்டு, சாவி, குடை, டார்ச் லைட், பம்ப் ஸ்டவ், எது வந்தாலும் பார்ப்பார். மண்டிக்காரர்களின் இரும்புப் பெட்டி மக்கர் செய்தால் ஷுக்கூர் பாயைத்தான் தேடி ஆள் வரும். மனுஷருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத்தான் இல்லை?

தேடி வந்ததற்குக் கை வேலை மட்டும் காரணம் இல்லை. அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாற்றுச் சாவி செய்தால், மாதிரிக்குக் கொடுத்ததையும் புதிதாகச் செய்ததையும் சேர்த்தே உடையவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். உடைந்த சாவி, வெட்டும்போது கெட்டுப்போன சாவி எல்லாவற்றையும் அவர் கண் எதிரிலேயே சுத்தியால் நசுக்கிப் போட வேண்டும். அடுத்தவன் சாவி சாவிக்காரனிடம் தங்கவே கூடாது. தங்கியது என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் போச்சு, அப்புறம் அவனிடம் ஒரு சைக்கிள் பூட்டைக்கூட எவனும் நீட்ட மாட்டான். ஷுக்கூர் அந்த விஷயத்தில் சுத்தமானவர் என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேரில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

இனி சகலைக்கு வருவோம். ஷுக்கூரின் மனைவி வஹிதா மூத்தவள், சுல்தானா இளையவள். சுல்தானாவுக்கு மாப்பிள்ளை தேடியபோது லாரி கிளீனர் அப்துல் கனியைச் சுட்டிக்காட்டியதே ஷுக்கூர்தான். தங்கமான பையன், பீடிகூடத் தொடமாட்டான் என்று மாமனாரிடம் ஒரே சிபாரிசு. தங்கமான பையன் என்பது பொய் இல்லை. ஆனால் அவர் உள்ளுக்குள் போட்ட திட்டம் வேறு. ஜவுளிக்கடைக்காரன் எவனாவது இளைய மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்துவிட்டால் மாமனார் வீட்டில் தன் மரியாதை என்னாவது? கிளீனர் என்றால் அந்தத் தொல்லை கிடையாது. பெருநாள் சாப்பாட்டில் ஈரல் முதலில் மூத்த மாப்பிள்ளைக்குத்தான் வரும். கனியும் அதற்குத் தகுந்த மாதிரி அண்ணே அண்ணே என்று பின்னாலேயே சுற்றினான்.

அந்தக் கனி டிரைவர் ஆனான். சரி, ஆகட்டும் என்று விட்டார் ஷுக்கூர். அறுபத்தொன்பதில் பெங்களூரிலிருந்து ஒரு பழைய அம்பாசடர் காரைச் சொந்தமாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தினானே, அன்றைக்குத்தான் வயிறு பற்றிக்கொண்டது. கிளீனர் பயல்! தெருவே கூடி நின்று வண்டியைத் தடவிப் பார்த்தது. மாமனார் கண்ணில் தண்ணீர். கனி ஓடி வந்து ஷுக்கூரின் கையைப் பிடித்து இழுத்துப்போய் முன் சீட்டில் உட்கார வைத்தான். அண்ணன்தான் முதலில் ஏற வேண்டுமாம். ஷுக்கூர் ஏறினார், சிரித்தார், இறங்கினார். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த பெருநாளைக்கு ஈரல் கனியின் தட்டுக்குப் போனது. கனி பதறிப்போய் அதை அப்படியே எடுத்து ஷுக்கூர் தட்டில் வைத்தான். வராமல் போயிருந்தாலாவது மாமியார் மறந்துவிட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அவன் எடுத்து வைத்ததைத் தின்ன வேண்டி வந்ததே, அதுதான் தொண்டையில் சிக்கியது. வஹிதாவாவது சும்மா இருந்தாளா? தங்கச்சியோடு காரில் போனேன், ஒரு குலுக்கல் இல்லை, பாப்பா மாதிரித் தூங்கிவிட்டேன் என்று வாய் நிறையச் சொல்லுவாள். கனி தினமும் கடையைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கை காட்டுவான். அது மரியாதை என்று ஊருக்கே தெரியும். ஷுக்கூருக்கு மட்டும், பார்த்தியா என் வண்டியை என்று கேட்கிற மாதிரி இருக்கும். அரம் தவறி விரலைப் பதம் பார்க்கும்.

இப்படி ஒரு வருஷம் போனது. அந்த வண்டிக்கு வாங்கும்போதே கதவுக்கும் ஸ்டார்ட் செய்வதற்கும் சேர்த்து ஒரே ஒரு சாவிதான். பழசு, தேய்ந்து போனது. ஒருநாள் காலையில் கனி முடுக்கிய முடுக்கில் அது இரண்டாக ஒடிந்து, பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. வண்டியை நாலு பேரோடு தள்ளிக்கொண்டு வந்து ஷுக்கூர் கடைமுன் நிறுத்தினான். அந்த வண்டி தன் வாசலில் பேச்சு மூச்சில்லாமல் நின்றதைப் பார்க்க ஷுக்கூருக்கு எவ்வளவு குளிர்ச்சி! நிதானமாக டீ குடித்தார். மெல்லிய குறடால் ஒடிந்த பாதியை உருவி எடுத்தார். இரண்டு துண்டையும் பொருத்தி, பல் வெட்டாத ஒரு பித்தளைச் சாவியோடு சேர்த்து வைஸில் முடுக்கி அரத்தால் ராவ ஆரம்பித்தார். மத்தியானம் பாங்கு சொன்னதும் கனி பள்ளிவாசலுக்குத் தொழப் போனான்.

அவன் தொழுதுவிட்டு வருவதற்குள் ஷுக்கூர் ஒரு சாவி இல்லை, இரண்டு சாவி செய்து முடித்திருந்தார். ஏன் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வண்டியைத் திருட வேண்டும் என்றெல்லாம் இல்லை, ஓட்டவே தெரியாது அவருக்கு. நீ என்னதான் ஓட்டு, உன் வண்டியைத் திறக்கிற வித்தை என் இடுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றை லுங்கிமேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் சொருகிக்கொண்டார். கனி வந்ததும் மற்றொன்றைக் கையில் கொடுத்தார். ஒடிந்த துண்டுகளை அவன் கண் எதிரிலேயே வைத்து நசுக்கினார். கட்டுப்பாடு காப்பாற்றப்பட்டதாம்! கனி புதுச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் ஹாரன் சத்தம் கேட்டால் ஷுக்கூரின் கை தானாகப் பெல்ட்டுக்குப் போகும். தொட்டுப் பார்த்தால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். ஒரே ஒரு தடவை, மாமனார் வீட்டில் எல்லோரும் கந்தூரிச் சாப்பாட்டில் இருந்தபோது, சந்துக்குள் நின்ற வண்டியைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் துடைத்து, பூட்டிவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டார். வெட்கக்கேடுதான். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

எழுபத்தொன்று சித்திரையில் ஒரு பகல். லாரிக்காரன் ஒருத்தன் வந்து கடைமுன் இறங்கி, தொப்பூர் மேட்டில் கனி பாய் வண்டி நிற்கிறது, சாவி தொலைந்து போச்சு, உங்களைக் கையோடு கூட்டி வரச் சொன்னார் என்றான். நடந்தது இதுதான். புளி மண்டி மாரப்பன், பிரசவம் ஆன மகளையும் பச்சைக் குழந்தையையும் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து கனி வண்டியில் கூட்டி வந்துகொண்டிருந்தார். மேடு ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கனி எல்லோரையும் இறக்கி மர நிழலில் உட்கார வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, உள்ளே சாமான் இருந்ததால் கதவைப் பூட்டிவிட்டுத் தண்ணீருக்குப் பள்ளத்தில் இறங்கினான். குனிந்து மொண்டபோது சட்டைப் பையிலிருந்து சாவி பாறை இடுக்கில் விழுந்தது. தேடிக் கிடைக்கவில்லை. கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று மாரப்பன் சொன்னதற்கு, எங்க அண்ணன் வந்தால் ஒரு கீறல் இல்லாமல் திறந்து, சாவியும் செய்து கொடுத்துவிடுவார் என்று கனி தடுத்துவிட்டானாம்.

லாரியில் போகும்போதே ஷுக்கூருக்கு வேர்த்து ஊற்றியது. சாவி இதோ இடுப்பில் இருக்கிறது. எடுத்துத் திறந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று மாரப்பன் கேட்பாரே! மாரப்பனின் மண்டிப் பூட்டு, வீட்டுப் பூட்டு, பீரோ எல்லாம் ஷுக்கூர் கை பட்டது. அடுத்தவன் சாவியை மடியில் வைத்திருக்கிறவன் என்று அந்த வாய் ஒரு தடவை சொன்னால் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான். அதனால் புதிதாகச் செய்கிற மாதிரி உட்கார்ந்து ராவுவது, சாயங்காலத்துக்குள் திறப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

வண்டி பாதி ரோட்டில் நின்றது. மேலே வளைவில் கனி சிவப்புத் துண்டை ஆட்டி, இறங்கி வருகிற லாரிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். ஷுக்கூர் மெழுகுவர்த்தி கொளுத்தி, பூட்டுக்குள் உரசுகிற இடம் தெரிவதற்காக வெறும் சாவியில் கரி பிடித்தார், கதவில் விட்டுத் திருகினார், எடுத்து ராவினார். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. மாரப்பன் பக்கத்திலேயே நின்று குடை பிடித்தார். நிழலில் குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஷுக்கூர் நிமிரவே இல்லை.

அப்போதுதான் அந்தப் பார லாரி வந்தது. பிரேக் பிடிக்கவில்லையோ என்னவோ, வளைவில் அகலமாகத் திரும்பி நேராக வண்டியைப் பார்த்து இறங்கியது. ஷுக்கூரின் மனசில் பளிச்சென்று ஓடியது இதுதான்: இடிக்கட்டும், தொலையட்டும் இந்த வண்டி. நினைத்தது நினைத்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த நொடியில் பார்த்தால் லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் கனி நிற்கிறான். ஒதுங்கவில்லை. துண்டை ஆட்டிக்கொண்டே நிற்கிறான். லாரி ஒரு சாண் இடைவெளியில் அவனை உரசி, துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. கனி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

ஷுக்கூரின் கை பெல்ட்டுக்குள் போனது. சாவியை எடுத்தார், பூட்டில் விட்டார், கதவு திறந்தது.

மாரப்பன் குடையை மடக்கினார். "ஏம்பாய், இத்தன நேரமா ராவுனது உங்க கையில இருக்குது. தொறந்தது எந்தச் சாவிங்க?" என்றார்.

கனி மெதுவாக எழுந்து வந்தான். கதவில் தொங்கிய சாவியைப் பார்த்தான், ஷுக்கூர் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று ஷுக்கூருக்கும் புரிந்துவிட்டது.

"அது நான் குடுத்து வெச்சதுங்க," என்றான் கனி. "என் மறதிக்கு ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்ணேன்னு போன வருசமே குடுத்தேன். எனக்கும் மறந்து போச்சு, அண்ணனுக்கும் மறந்து போச்சு."

நல்ல ஆளுங்கய்யா நீங்க ரெண்டு பேரும் என்று மாரப்பன் சிரித்துவிட்டார். வண்டி கிளம்பியது. இடம் இல்லாததால் ஷுக்கூர் பின்னால் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். வழியெல்லாம் நாளைக்குக் கனி வந்து கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் தேடினார். செருப்பால் அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தார். ஒருவிதத்தில் அதற்காகக் காத்திருந்தார் என்றே சொல்லலாம். சண்டை என்று வந்தால் தன் பக்கத்திலும் நாலு வார்த்தை பேசலாம் அல்லவா?

மறுநாள் கனி வந்தான். திட்டவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிக்குப் புதுச் சாவி ஒன்று வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டான். பிறகு சுத்தியை எடுத்துச் சுவர்ப் பலகையில் ஓர் ஆணி அடித்து, அந்தப் பழைய சாவியை அதில் மாட்டினான். நேற்று ஊர் முன்னால் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதை நிஜமாக்கிவிடலாம் அண்ணே என்றான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். போனவன் டாக்ஸி ஸ்டாண்டில் சும்மா இருந்தானா? தொப்பூர் மேட்டில் அண்ணன் தன்னைக் காப்பாற்றிய கதையை ஆள் ஆளுக்குச் சொல்லியிருக்கிறான். அந்த வாரமே டிரைவர் பச்சியப்பன் வந்து, எனக்கும் ஒண்ணு செஞ்சு நீங்களே வெச்சுக்குங்க பாய் என்றான். அப்புறம் சவுரியப்பன். அப்புறம் மாரப்பன் மண்டிச் சாவி. அடுத்தவன் சாவி தங்கக் கூடாது என்றிருந்த கடையில் பலகை முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. வியாபாரம் இரண்டு மடங்கு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நம்பிக்கையான ஆள் யார் என்று கேட்டால் ஷுக்கூர் கடையைத்தான் காட்டினார்கள்.

ஷுக்கூர் இளைத்துக்கொண்டே போனார். ஹாரன் கேட்டால் இப்போது தொட்டுப் பார்க்கவும் இடுப்பில் ஒன்றும் இல்லை. காரைப் பார்த்து எரிந்த காலம் போய், அந்த ஆளைப் பார்த்தே எரிந்தது. பணம் சேர்ந்தால் ஒரு காரை வாங்கிவிடலாம். அந்த மனசை எந்தச் சந்தையில் போய் வாங்குவது?

ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டு வந்த வஹிதா, பலகையை ஒரு பார்வை, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஊரே உங்கள நம்பிச் சாவியக் குடுத்து வெச்சிருக்குது. இன்னும் எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?"

ஷுக்கூர் டிபன் கேரியரைத் திறந்தார்.

"ஊரு எங்கடி குடுத்துச்சு?" என்றார். "இதுவும் அவன் குடுத்ததுதான்."