பன்னிரண்டு விநாடி ஓட்டம்

வாசகரே, தீர்ப்புச் சொல்லும் சுமையை உங்கள்மேல் ஏற்றப் போவதில்லை. சாட்சியாக மட்டும் நில்லுங்கள், போதும். என் கைப்பேசியில் பன்னிரண்டு விநாடி ஓடும் ஒரு படத்துண்டு இருக்கிறது. கறுப்பு வெள்ளை; ஒலி கிடையாது; படம் முழுக்கக் கீறல்கள் மழைபோல இறங்குகின்றன. ஒரு மலைச்சரிவு. வலப்பக்கமிருந்து எட்டுப் பத்துப் பேர் இடப்பக்கமாக ஓடுகிறார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓர் இளம்பெண், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, இரண்டு செருப்புகளையும் இடக்கையில் பிடித்தபடி ஓடுகிறாள். ஒரு கணம் அண்ணாந்து பார்க்கிறாள். அத்தோடு படம் அறுந்துவிடுகிறது. அவள் ஏன் ஓடுகிறாள் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் ஒரு பதில் சொன்னேன். ஒலிவாங்கியின் முன் நின்று, ஊர் கேட்கச் சொன்னேன். அந்தப் பதிலைக் கேட்டபடி வாசலோரம் நின்றிருந்த ஜீப்காரரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் செங்கத்துக்காரன். கல்லூரி நாள்களில் ஏறிய பட்டிமன்ற மேடைகளிலிருந்து வெறுங்கையோடு இறங்கியது அரிது. இதை இன்றும் பெருமையாகவே சொல்வேன். எந்தக் கட்சியைக் கொடுத்தாலும் அதுவே நியாயம் என்று மூன்று நிமிடத்தில் அவையை நம்பவைக்கப் பழகியவன். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே சிரிக்கவைக்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சுவிட இடம் தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். பழைய அறிவியல் படச்சுருள்களைக் கணினிக்கு மாற்றி ஊர் ஊராகத் திரையிடும் ஒரு குழுவினர் ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டுப் பள்ளிக்குப் போகும்போது என்னை அழைத்ததும் இதனால்தான். படங்கள் ஊமைப் படங்கள். திரையருகே நின்று அவற்றுக்கு வாய் கொடுக்க ஒரு பேச்சாளர் வேண்டியிருந்தது.

குழுவினர் முந்தைய நாளே மலையேறிவிட்டார்கள். என்னை மறுநாள் காலை திருப்பத்தூரிலிருந்து ஏற்றிச் சென்றவர் அந்த ஜீப்காரர். அறுபதைத் தொட்ட வயது. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு முறை ஒலிப்பானை அழுத்துவார். எதிரே வண்டி வராவிட்டாலும் அந்த இரண்டு தவறாது. பின்னால் காலிப் புளிச்சாக்குகளின் வாடை. பாதி வழியில், என்ன படம் காட்டப் போகிறோம் என்று விசாரித்தார். முதன்முதலில் பறந்தவர்களைப் பற்றியும், காற்று மண்டலத்தை ஆராயப் பலூன் விட்டவர்களைப் பற்றியும் என்றேன். “இந்த மலையில கூட வுட்டாங்க தம்பி. அவங்களுக்கு நாந்தான் வண்டி ஓட்னேன்” என்றார். நான் குறிப்புத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேச்சின் தொடக்கத்தை எப்படி அமைப்பது என்ற கவலையில் இருந்தேன். அவர் மறுபடி அதைச் சொல்லவில்லை.

பிற்பகலில் பள்ளிக் கூடத்தின் ஜன்னல்களை ஜமுக்காளங்களால் மூடித் திரை கட்டினார்கள். மலையூர்களிலிருந்து இருநூறு பேராவது வந்திருப்பார்கள். இரண்டாம் வரிசையில் ஜீப்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தூரில் செவிலியராக இருப்பவள், விடுமுறைக்கு வந்து அன்று மாலை எங்களோடு கீழே இறங்க இருந்தவள். முதலில் மூங்கிலும் துணியும் கொண்டு கட்டிய சிறகுகளை மாட்டிக்கொண்டு குன்றிலிருந்து குதித்த அயல்நாட்டு முன்னோடி ஒருவர் திரையில் வந்தார். நான்கு தப்படி காற்றில் மிதந்தார், பிறகு விழுந்தார். சுற்றி நின்ற கூட்டம் ஓடியது. நான் குரலைத் தாழ்த்தி, “பாருங்கள், அவரை நோக்கி அன்பு ஓடுகிறது” என்றேன். அவை அப்படியே அடங்கியது. அந்த அடக்கத்தை நான் எவ்வளவு ரசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பின்னர் பலூன் கூடைகளில் ஏறி, விரல் விறைக்கும் குளிரில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்ட ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். கடைசியாக வந்தது நம் ஜவ்வாது மலை. பலூன் ஒன்று எழும்புகிறது, உயரத்தில் கிழிகிறது. அடுத்த காட்சி, நீங்கள் மேலே கண்ட பன்னிரண்டு விநாடி.

அவையைச் சிரிக்கவைக்க வேண்டிய இடம் அது என்று என் பயிற்சி சொன்னது. “வானத்திலிருந்து பேய் இறங்குகிறது என்று நம்மவர்கள் எடுத்த ஓட்டத்தைப் பாருங்கள். முன்னால் போகும் அந்த அம்மாவுக்குச் செருப்பு மாட்டக்கூட நேரமில்லை” என்றேன். கூடம் குலுங்கியது. இரண்டாம் வரிசையில் அந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கைதட்டல் ஓய்ந்து நான் வெளியே வந்தபோது ஜீப்காரர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இறங்கும் வழியில் மூன்று வளைவு வரைக்கும் அவர் ஒலிப்பானை அழுத்த மறந்தார். நான்காம் வளைவில் வண்டியை ஓரங்கட்டினார்.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா? றெக்கை கட்டிகினு ஒருத்தரு வுழுந்தாரே, அப்ப ஓடுனவங்கள இன்னான்னு சொன்னீங்க?”

“அன்பு ஓடுதுன்னு சொன்னேங்க ஐயா.”

“நாங்களும் அந்த மாரிதான் ஓடுனோம். எங்களுக்கு மட்டும் எதுக்குப் பயம்னு சொல்லிட்டீங்க?”

மேடையில் எதிர்க்கட்சிக்காரர் எவரும் என்னை அப்படி நிறுத்தியதில்லை. அவரே தொடர்ந்து சொன்னார். பலூன் கிழிந்ததும், அதில் கட்டியிருந்த கருவிப்பெட்டி ஒரு சின்னக் குடைத்துணியில் தொங்கியபடி இறங்கியதாம். காற்று அதை ஏரிப் பக்கம் தள்ளியது. மேலே இருந்த குளிரையும் ஈரத்தையும் ஊசி கீறிக் குறித்த தாள் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நனைந்தால் ஆராய வந்தவர்களின் நான்கு மாத உழைப்பு வீண். அது தெரிந்துதான் ஊரார் பெட்டியை நோக்கி ஓடினார்கள். படம் பிடித்தவர் ஓடியவர்களை மட்டும் பிடித்தார். பெட்டி படச்சட்டத்துக்கு வெளியே இருந்தது.

“செருப்பக் கைல புடிச்சிகினு முன்னால போனாளே, அவ போய் ஏரில எறங்கிட்டா. பொட்டியத் தலைமேல தாங்கிப் புடிச்சிகினு நின்னா. அப்பதான் நான் அவள மொத மொத பாத்தேன்” என்றவர், பின்னிருக்கைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, “உங்கம்மாதாம்மா அது” என்றார்.

பின்னிருக்கையில் இருந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவள். வீட்டில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. இருந்த ஒன்றும் கூரை ஒழுகி அழிந்துபோயிற்று. இவையெல்லாம் பிறகு நான் அறிந்தவை. அப்போது என் காதில் விழுந்தது அவள் குரல் மட்டுமே.

“நான் சிரிச்சிட்டேன்பா.”

“உனக்கு எப்டிம்மா தெரியும்? நானே அவ போனப்புறம் இன்னிக்குத்தான பாக்கறேன்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். “பஸ்ஸு போய்டும் தம்பி, செங்கம் போய்ச் சேர மாட்டீங்க” என்று தயங்கினார். போகட்டும் என்றேன். பின்னாலிருந்து மகளும், “திருப்புப்பா” என்றாள்.

திரையைச் சுருட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கியும் பெட்டிக்குள் போய்விட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் பள்ளி முற்றத்தில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கெஞ்சி உள்ளே அழைத்தேன். குழுவினர் முகம் சுளிக்காமல் கருவியை மறுபடி எடுத்து, வெள்ளைச் சுவரிலேயே அந்தக் காட்சியை ஓட்டினார்கள். நான் சொன்னது பொய் என்றேன். உண்மையை ஜீப்காரர் சொல்வார் என்று ஒதுங்கினேன். அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, “தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துச்சி. பொட்டி நனையல” என்றார். பேச்சு முடிந்தது. நான் கேட்ட உரைகளில் அதைவிடச் சிறியது இல்லை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள் மகள். மூன்றாம் முறை சுவரருகே போய் நின்றாள். ஓடும் தாயின் வெளிச்சம் அவள் தோளில் விழுந்து கடந்தது.

இப்போது அவருக்கு முழங்கால் வலி, வண்டியை விற்றுவிட்டார். புதூர்நாட்டுப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தப் படத்துண்டு மகளின் கைப்பேசியிலும் இருக்கிறது. அவள் ஊரில் இருக்கும் நாள்களில், “அந்தப் படத்த ஒருதபா ஓட்டுமா” என்று கேட்பாராம். பன்னிரண்டு விநாடி முடிந்ததும் கைப்பேசியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாராம். மேடைகளில் எனக்கு இன்றும் கைதட்டல் கிடைக்கிறது. ஊமைப் படம் ஒன்றின் அருகே நிற்கும்போது மட்டும், வாய் திறக்குமுன் அவையைப் பார்த்து, இதில் ஓடியவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன். என் படத்துண்டில் அந்தப் பெண் இன்னும் அண்ணாந்து பார்க்கிறாள், படம் இன்னும் அதே இடத்தில் அறுகிறது. அறுந்த இடத்துக்கு அப்பால் ஏரி இருக்கிறது என்பதற்கு இனி நீங்களும் சாட்சி.

அன்று அந்தச் சுவருக்கு முன்னால், ஒலிவாங்கி இல்லாமல், ஏற்ற இறக்கம் எதுவுமில்லாத குரலில் ஜீப்காரரையும் மகளையும் பார்த்து நான் சொன்னது இது: “இந்தப் படம் எந்த ஊரில் ஓடினாலும் நான் அங்கே வருவேன். இந்த அம்மா அண்ணாந்து பார்க்கும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்வேன். பெட்டி நனையவில்லை என்று சொன்ன பிறகுதான் விளக்கைப் போடவிடுவேன்.”