முடிச்சை அவிழ்க்காமல் துடைத்த டை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். சேலம் கோட்டைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் பி.ஏ. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தார். எருமப்பட்டியிலிருந்து என் அப்பா அனுப்பும் அரிசியில்தான் அடுப்பு எரிந்தது. மூத்தவன் அப்போது என் வயிற்றில்.

ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டை கட்டாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ இவரிடம் சொல்லிவிட்டார்கள். சிநேகிதர் ஒருவரிடம் நீலப் பட்டு டை இரவல் வாங்கி வந்தார். இவருக்கு முடிச்சுப் போடத் தெரியாது. சிநேகிதரே முடிச்சுப் போட்டுத் தளர்த்திக் கொடுத்து, "மாலை மாதிரி தலை வழியா மாட்டிக்க, அவுத்துராத" என்று சொல்லி அனுப்பி, அன்றே வெளியூரும் போய்விட்டார்.

மறுநாள் காலையில் இன்டர்வியூ. முதல் நாள் மத்தியானம் கண்ணாடி முன்னால் டையை மாட்டி அழகு பார்த்தவர், அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பருப்புக்கு நெய் விட்டேன். கரண்டியிலிருந்து சொட்டியது சோற்றில் விழவில்லை, டையில் விழுந்தது.

அவர் டையைத் தலை வழியாகவே கழற்றி என்னிடம் கொடுத்தார். பட்டில் தண்ணீர் படக்கூடாது, கறை பட்டால் பெட்ரோல்தான் என்று சிநேகிதர் சொல்லியிருந்தாராம். இவரே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் மருந்து பாட்டிலில் கொஞ்சம் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, சவரம் செய்துகொள்ளக் கடைவீதிக்குப் போனார்.

பின்கட்டு முற்றத்தில் உட்கார்ந்து துணியில் நனைத்துத் துடைத்தேன். நெய் போயிற்று, சுற்றிலும் வட்டமாக ஒரு கோடு விழுந்தது. அதைப் போக்க இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. விடாமல் அழுத்தித் துடைத்ததில் முடிச்சு வரை நனைந்துவிட்டது. வெயிலில் போட்டேன். சீக்கிரமே காய்ந்தது, ஆனால் கசங்கி வற்றல் மாதிரி கிடந்தது. தேய்த்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டேன். சாயபு வீட்டு அம்மா அவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கரியைப் பற்றவைத்துக் கட்டைச் சுவருக்கு மேலாக எடுத்துக் கொடுத்தார்.

கொடுத்தவர் மூக்கை உறிஞ்சினார். "என்ன நாத்தம் தங்கச்சி? பெட்ரோலா?"

"ஆமாங்கக்கா, டையத் தொடச்சனுங்க. காஞ்சு போச்சுங்க" என்றபடியே, கரி நன்றாகக் கனியட்டும் என்று பெட்டியை முன்னும் பின்னும் வீசினேன். எல்லாரும் செய்வதுதானே. ஒரு பொறி தெறித்துத் துவைக்கிற கல்லடியில் நான் துடைத்துப் போட்டிருந்த பெட்ரோல் துணியில் விழுந்தது.

குப்பென்று இடுப்பு உயரத்துக்கு எரிந்தது. பெட்டியைக் கையில் பிடித்தபடி மரம்போல் நின்றேன். அக்கா சந்து வழியாக ஓடி வந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பெட்டியை வாங்கி எட்டத்தில் வைத்தார். செடியடி மண்ணை வாரி வாரிக் கொட்டித் தீயை அணைத்தார். என் முந்தானை ஓரம் பொசுங்கிக் கருகியிருந்தது.

கொடியில் கிடந்த டையை எடுத்து முடிச்சை அழுத்திப் பார்த்தார். "உள்ள ஈரமா இருக்கு. இதும் மேலயா பொட்டிய வெக்க இருந்த? முடிச்ச அவுத்துக் காயப் போடு."

நான் அழ ஆரம்பித்தேன். "அவுத்தா கட்டத் தெரியாதுங்கக்கா. அவருக்கு வேல போயிருமுங்க."

அக்கா என் முந்தானையைத் தூக்கி என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். "இதப் பாத்துட்டுமா முடிச்சப் பத்திப் பேசற?"

சவரம் செய்துகொண்டு வந்தவர் கருகிய கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்துக் கொடியில் போட்டார்.

மறுநாள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பொழுது சாயும்போது வந்து சேர்ந்தார். அதே வேலைக்கு வந்து காத்திருந்த யாரோ ஒருவர்தான் முடிச்சுப் போட்டுவிட்டாராம். கோட்டுப் பித்தானைப் போட்டதும் நெய் விழுந்த இடம் உள்ளே மறைந்துவிட்டதாம். கறையை யாரும் பார்க்கவே இல்லை.

வேலை இவருக்குக் கிடைத்தது. முடிச்சுப் போட்டவருக்கு வேறெங்காவது கிடைத்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு. இன்றைக்கும் ஏதாவது கெட்டுப்போய்விடுமோ என்று பதறும்போதெல்லாம், அந்தக் கருகிய முந்தானை என் கண்ணுக்கு நேராக வந்து நிற்கிறது, உடனே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.