கல்லில் வெட்டிய தட்டுகள்

ஹம்பிக்கு டிக்கெட் எடுத்தது அக்காதான், எனக்கும் அவளுக்குமாக. கீமோ இரண்டாம் சுற்று முடிந்தால் உடம்பு தேறிவிடும் என்று நம்பியிருந்தாள். தேறவில்லை.

"நீயாவது போய்ட்டு வாடி. டிக்கெட்ட இன்னாத்துக்கு வீணாக்கணும்? வீடியோ கால் போடு, நான் இங்கேர்ந்தே பாக்கறேன்" என்றாள், பெங்களூர் ஆடுகோடி வீட்டின் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி.

எனக்கு மனமில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போய்வரும் நேரம் தவிர, அந்த மாதங்களில் அவளை விட்டு நான் எங்கும் நகர்ந்ததில்லை. அவள் கணவர்தான் என்னைச் சமையலறைக்கு அழைத்து, "போம்மா. அதையாவது பாக்கட்டும் அவ" என்றார். அதற்கு மேல் மாமாவிடம் மறுத்துப் பேச முடியவில்லை.

காலையில் ஹொசப்பேட்டையில் இறங்கி ஹம்பிக்கு ஆட்டோ பிடித்தேன். கோயில் கோபுரத்தின் முன்னால் நின்று அழைத்ததும் அக்கா முகம் தெரிந்தது. முடி கொட்டிய தலையில் பருத்தித் துண்டு கட்டியிருந்தாள். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பழைய கடைவீதியின் கல்தூண் வரிசை, யானைக் கொட்டடி, ராணியின் குளியல் மாளிகை எல்லாம் காட்டினேன். சிக்னல் போகும்போதெல்லாம் படம் உறைந்து நின்றது. ஒருமுறை அவள் கண் மூடியிருந்த கணத்தில் உறைந்துவிட்டது. மறுபடி அசையும் வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.

"ராஜா வீடெல்லாம் போதும்" என்றாள். "மத்த ஜனங்க எங்க இருந்தாங்க?"

அங்கிருந்த காவலாளியிடம் கன்னடத்தில் விசாரித்தேன். மண்சுவர்கள் கரைந்துபோய்விட்டன, அஸ்திவாரக் கல்தான் மிச்சம் என்று கை காட்டினார். புல்லுக்குள் கோடுகோடாகக் கற்கள் தெரிந்தன. அதையும் அக்காவுக்குக் காட்டினேன்.

திரும்பும் வழியில்தான் அந்தக் கால்வாயைப் பார்த்தேன். கல்லால் கட்டிய ஒடுங்கிய கால்வாய். இரு கரையிலும் தரையோடு பதித்த கல் தட்டுகள். ஒவ்வொன்றிலும் சோற்றுக்குப் பெரிய குழி, அதையொட்டிச் சின்னச்சின்னக் குழிகள்.

"கிட்ட காட்டு, கிட்ட காட்டு" என்றாள் அக்கா. "பொரியலுக்கு ஒண்ணு, கூட்டுக்கு ஒண்ணு. இது இன்னாடி, ஊறுகாய்க்கா? எத்தன பேரு வரிசையா உக்காந்து சாப்ட்டிருப்பாங்க, பாரேன்."

குரலில் பழைய அக்கா இருந்தாள். சிறிது நேரம் கழித்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"பையில சித்ரான்னம் இருக்குக்கா."

"அங்கயே உக்காந்து சாப்டு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏங்க, ரசம் இருக்குதா? கொஞ்சம் சோறு பெசஞ்சி எடுத்தாங்க" என்றாள்.

பல நாட்களாக அவள் கஞ்சித் தண்ணீர் தவிர எதையும் விழுங்கவில்லை. அதுவும் வயிற்றில் தங்காது. மாமா அவசரத்தில் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. நான் போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மாமா ஊட்ட, அவள் மெதுவாக மென்றாள். நான் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? சாப்டுடி" என்று அதட்டினாள்.

அந்த அதட்டலோடு சிக்னல் அறுந்தது. மறுபடி கூப்பிடக் கை போனது. உண்பவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெயில் சாய்ந்த பிறகு மாமாவிடமிருந்து செய்தி வந்தது: 'தூங்குறா. வாந்தி எடுக்கல.' போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தேன். பாறையில் உட்கார்ந்து இருட்டும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் தொடங்கும் முன் அக்கா போய்விட்டாள். நான் ஹம்பி போன நாளைப் பற்றி மாமா ஒரே ஒருமுறைதான் என்னிடம் பேசினார். காரியம் முடிந்து உறவினர் கிளம்பிய பிறகு, ஜமுக்காளத்தை மடித்தபடியே சொன்னார்:

"அன்னிக்கி அவ இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு கேட்டு வாங்கி சாப்ட்டா. நீ லைன்ல இல்ல. ஒனக்குத் தெரியாது."