ஹமீதா பானுவின் கோணல் நீச்சல்

அப்சருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது என்று அவரைப் பார்த்தால் இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவி ஹமீதா பானுவுக்கு வந்த பிரச்சினையே அதுதான்.

போன வருஷம்வரை இந்தத் தொல்லை கிடையாது. வலங்கைமான் கடைத்தெருவில் டூ வீலர் உதிரி பாகங்கள் விற்கிற அப்சர், கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் ஸ்டூல் கண்ணுக்குத் தெரியாது. ஹமீதாவும் அதற்குச் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் போனால் ஜாடிக்கேத்த மூடி என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அப்புறம்தான் அந்த நிக்காஹ் விருந்து வந்தது. பெண்கள் பந்தி நடக்கிற பக்கம் அப்சர் எட்டிப் பார்த்து, மகள் ஷிஃபா மறந்துவிட்ட செல்போனைக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டையை இன் செய்திருந்தார். தொப்பை இருந்த இடத்தில் பெல்ட் இருந்தது. ஹமீதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாபநாசத்துப் பெண்மணி, அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க தம்பியாம்மா அது? வெளிநாட்டுல இருக்காரோ?"

ஷிஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹமீதாவும் சிரித்துவைத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பிரியாணி இறங்கவில்லை.

அந்த அம்மாள் சொன்னதில் பாதி உண்மைதான். கல்யாணமான மறு வருஷமே அப்சர் சவூதிக்குப் போனார். பிறகு ஷிஃபா பள்ளிக்கூடத்தை முடிக்கிற வரைக்கும் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார். இங்கே வீடு கட்டியது ஹமீதா. கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது ஹமீதா. படுத்த படுக்கையாக இருந்த மாமியாருக்குக் கஞ்சி ஊட்டியது, அழுத பிள்ளையை டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அவள்தான். மாமியார் மிச்சம் வைத்ததும் பிள்ளை மிச்சம் வைத்ததும் கொட்ட மனசில்லாமல் அவள் வயிற்றுக்குள்ளேதான் போயின. இந்த உடம்பு சும்மா வந்ததா என்ன? ஒரு குடும்பத்தையே தின்று செரித்த உடம்பு இது என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருக்கும். யாரிடம் கத்துவது?

திரும்பி வந்த அப்சர் கூடவே சர்க்கரையையும் முட்டி வலியையும் கொண்டுவந்தார். நடக்க முடியவில்லை என்றதும் டாக்டர் நீந்தச் சொன்னார். கும்பகோணம் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் புதிதாக நீச்சல் குளம் திறந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாக இவரும் போய்ச் சேர்ந்தார். முதல் வாரம் காதுக்குள் தண்ணீர் போய், ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். ஹமீதா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள்.

மனுஷன் விடவில்லை. இரண்டு மாதத்தில் பழைய சட்டைகள் தையல்காரரிடம் போயின. காலையில் முளைகட்டிய பயறு, மத்தியானம் அரை வயிறு. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "என்ன பாய், மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க?" என்று கேட்டார்கள். அதைக் கேட்பதற்காகவே அவர் சுற்றுவழியாகக் கடைக்குப் போக ஆரம்பித்தார். நிலைக்கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று தன்னையே பார்ப்பார்.

"இந்தத் தோள்பட்டையத் தொட்டுப் பாரேன். கல்லு மாதிரி இருக்குல்ல?"

"கையில மாவு இருக்குங்க."

"உடம்புல வலுவு இருந்தாப் போதாது ஹமீதா. மூச்சுதான் எல்லாம். தண்ணிக்குள்ள மூச்ச விடணும், வெளியில வாங்கணும். அட, உன்கிட்டப் போய்ச் சொல்றேன் பாரு. தண்ணியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

ஹமீதா மிக்சியின் பொத்தானைத் திருகினாள். தேவைக்கு மேல் திருகினாள்.

கொஞ்ச நாளில் அவர் பேச்சில் ஒரு பெயர் புகுந்தது. ஆஷ்லின் சொன்னாங்க, ஆஷ்லின் பாராட்டினாங்க, ராத்திரி சோறு வேண்டாம்னு ஆஷ்லின் சொல்லிட்டாங்க. சோறு வேண்டாம் என்று சொல்ல எவளோ ஒருத்தி வந்துவிட்டாள், சோறாக்கிப் போட மட்டும் நான் என்று ஹமீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின நாளிலிருந்து இந்த மனுஷன் தனக்காகத் தொப்பையைக் குறைக்கவில்லை. இப்போது யாருக்காக?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய பையிலிருந்த துண்டை எடுத்து பீரோவுக்குள் ஒளித்துவைத்தாள். அவர் கார் தெருமுனை திரும்பியதும், தூங்கிக்கொண்டிருந்த ஷிஃபாவை எழுப்பினாள்.

"அத்தா துண்ட மறந்துட்டுப் போயிட்டாரு. வண்டிய எடு, குடுத்துட்டு வந்துருவோம்."

"துண்டுக்காகவா கும்பகோணம் வரைக்கும்?" என்று கேட்ட ஷிஃபா, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டியின் சாவியை எடுத்தாள்.

குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆஷ்லினை ஹமீதா பார்த்தாள். ஷிஃபாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். கழுத்தில் ஒரு சிலுவையும் ஒரு விசிலும் தொங்கின. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கரையில் நின்று, "சார், கைய மடக்காதீங்க! எத்தன தடவ சொல்றது உங்களுக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கத்தலில் எந்தச் சரசமும் இல்லை. கணக்கு வராத பையனைத் திட்டுகிற டீச்சர்தான் அங்கே நின்றாள்.

நியாயமாகப் பார்த்தால் ஹமீதாவுக்கு அங்கேயே நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல் இன்னும் கூடியது. அப்போதுதான் அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

நீலமாக, கண்ணை உறுத்தும் சுத்தத்தோடு அது தளும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்சர் எருமை இறங்கினமாதிரி அடித்துக்கொண்டு போனார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாதித் தூரத்தில் நின்று இருமினார். இதற்குத்தானா இத்தனை பீற்றல்? ஹமீதாவின் கால்கள் செருப்புக்குள் தானாக அசைந்தன.

அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவள் வயிறெரிந்தது எந்தப் பெண்ணைப் பார்த்தும் இல்லை, அவருடைய ஒடுங்கிய இடுப்பைப் பார்த்தும் இல்லை. அந்தத் தண்ணீர் அவருக்குக் கிடைத்துவிட்டது. அதுதான்.

ஹமீதா பிறந்த வீடு குடமுருட்டி ஆற்றின் தென்கரையில் இருந்தது. எதிர்க்கரைக் கொய்யாத் தோப்புக்குப் பாலம் சுற்றிப் போக வேண்டும். பாலத்தைச் சுற்றுகிறவர்கள் சோம்பேறிகள் என்பது அவள் கட்சி. ஆற்றில் தண்ணீர் வந்தால் குதித்து, அந்தக் கரைக்குப் போய், மடியில் கொய்யாவைக் கட்டிக்கொண்டு திரும்புவாள். அவளைவிட மூத்த பையன்கள் இழுப்புக்குப் பயந்து கரையோரமாகவே கால் நனைக்கும்போது, அவள் நடு ஆற்றில் இருப்பாள். பெரியவளானதும் ஒரே நாளில் அது முடிந்தது. பையன்கள் ஆற்றிலேயே இருந்தார்கள், இவள் வீட்டுக்குள் குளியலறையில் வாளித் தண்ணீரில் குளித்தாள். கல்யாணம் பேசியபோது அவளுடைய அம்மா காதோடு சொல்லியிருந்தாள்: "ஆத்துல நீச்சலடிச்ச கதையெல்லாம் அங்க போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியாத. அடங்காத பொண்ணும்பாங்க." அவளும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அவரும் கேட்கவில்லை.

இதில் பெரிய அநியாயம் ஒன்று இருந்தது. அப்சர் வீடும் அதே ஆற்றங்கரைதான். ஆம்பளைப் பிள்ளை, யாரும் தடுக்கவில்லை, ஒரு நாள்கூட இறங்கியதில்லை. சளி பிடிக்குமாம். வேண்டாம் என்று தள்ளியவருக்கு ஐம்பது வயதில் நீலமாகத் தண்ணீர் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஹமீதா துண்டைக்கூடக் கொடுக்காமல் திரும்பிவிட்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நேராகவே கேட்டாள்.

"லேடீஸுக்கு தனி நேரம் போட்டுருக்காங்களாம். நானும் போறேங்க."

அப்சருக்குப் புரை ஏறியது. "நீயா? எதுக்கு?"

"உடம்பு குறையத்தான். உங்களுக்கு மட்டும்தான் உடம்பா?"

"அதுக்கில்ல ஹமீதா. ஆழமா இருக்கும். பயந்துடுவ. அப்புறம் அந்த உடுப்பெல்லாம்..."

"கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடுறமாதிரி இருக்கு அத்தா. தலைக்கும் சேர்த்து. நான் ஏற்கனவே ஆர்டர் போட்டுட்டேன்" என்றாள் ஷிஃபா.

அப்சர் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்து உட்கார்ந்தது. கற்றுக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது. மறுநாள் காலை கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தார்.

"முகத்த உள்ள வச்சு முட்டை முட்டையா மூச்ச விடு. பயப்படாத, நான் பக்கத்துலயே இருக்கேன்."

மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்குகிறார் என்று ஷிஃபாவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஹமீதா வாளிக்குள் முகத்தை வைத்தாள். கொப்பளித்துக்கொண்டு மூச்சு வெளியேறியது. அந்த மூச்சோடு என்னென்னவோ வசவுகள் வெளியே வந்ததை அவர் கேட்கவில்லை. "அப்படித்தான், அப்படித்தான்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உடுப்பு வந்த வாரமே அவர்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் நேரத்தில் ஆண்களுக்கு உள்ளே இடம் இல்லை என்பதால் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். "கம்பியப் பிடிச்சுக்கிட்டு நில்லு, அது போதும் இன்னைக்கு" என்று கடைசியாக ஒருமுறை சொல்லி அனுப்பினார்.

ஆஷ்லினும் அதையேதான் சொன்னாள். "புதுசாக்கா? அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு காலை மட்டும் அடிங்க."

ஹமீதா கம்பியைப் பிடித்தாள். தண்ணீர் கழுத்துவரை ஏறியது. மருந்து வாடை அடித்தது, சேறு இல்லை, பாசி இல்லை. ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். அவள் கம்பியை விட்டாள். காலால் சுவரை ஓர் உதை உதைத்தாள்.

"அக்கா! அக்கா, அங்க ஆழம்!" ஆஷ்லினின் விசில் காதைப் பிளந்தது.

ஹமீதா போய்க்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கைகளால் தண்ணீரை வாரி வாரிப் பின்னால் தள்ளினாள். உடம்பு கனக்கவில்லை. முதல்முறையாக அந்த உடம்பு தனக்கு ஒத்தாசையாக இருப்பதுபோல் இருந்தது. எதிர்ச் சுவரைத் தொட்டபோதுதான் பார்த்தாள், புறப்பட்ட இடத்துக்கு நேரே வந்து சேரவில்லை. குளத்தின் இடது மூலையில் நின்றாள். அங்கே நீந்திக்கொண்டிருந்த வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் அவள்மேல் முட்டிக்கொண்டு முறைத்தாள். ஹமீதா திரும்பி நீந்தினாள். இந்தமுறை வலப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போய் மறுபடியும் அதே பக்கச் சுவரில்தான் இடித்தாள்.

கரையோரமாகவே ஓடி வந்த ஆஷ்லினுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, நல்லா நீந்துறீங்க. ஆனா ஏன்க்கா ரெண்டு தடவையும் ஒரே பக்கமா கோணிக்கிட்டுப் போறீங்க?"

ஹமீதா முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டாள். "இழுத்துக்கிட்டுப் போயிரும்ல? கொஞ்சம் எதுத்து மேல பாத்து நீந்தினாத்தானே நேரா போய்ச் சேரலாம்."

"எது இழுத்துக்கிட்டுப் போயிரும்?"

"தண்ணிதான்."

ஆஷ்லின் சிரித்துவிட்டாள். "இது ஆறு இல்லக்கா. தொட்டி. இங்க தண்ணி எங்கயும் இழுக்காது. நீங்க நேராவே போங்க."

ஹமீதா சுவரைப் பிடித்தபடி நின்றாள். இழுப்பே இல்லாத இடத்தில் இப்படி எதிர்த்து எதிர்த்து நீந்தியிருக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. மருந்துத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி சுவரை உதைத்தாள். நேராகப் போவதற்குத்தான் ரொம்பச் சிரமப்பட்டாள்.

நேரம் முடிந்து வெளியே வந்தபோது ஆஷ்லின் காருக்கே வந்துவிட்டாள். "சார், அக்கா இவ்வளவு பிரமாதமா நீந்துவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே! நிமுந்து மூச்சு வாங்குற பழக்கத்த மட்டும் மாத்தணும், அவ்வளவுதான். நீங்க அக்காகிட்ட கத்துக்கங்க சார்."

அப்சர் ஹமீதாவையும் ஆஷ்லினையும் மாறி மாறிப் பார்த்தார். காரை எடுத்தார்.

அறுவடைக் காலம். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். கார் ஊர்ந்துதான் போனது. அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"எங்க கத்துக்கிட்ட?"

"குடமுருட்டியில."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லியே."

"நீங்க கேட்டதில்லியே."

எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கினார். தோள்பட்டையை ஒருமுறை குலுக்கிக்கொண்டார். கல்லு மாதிரியான தோள்பட்டைதான், ஆனால் இன்றைக்கு அதை யாரும் பார்க்கவில்லை. பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, சும்மா கேட்கிறமாதிரி கேட்டார்.

"யாரு கத்துக் குடுத்தா?"

ஹமீதா ஜன்னல் வழியாக நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, தனியாவா போவ? கூட யாராவது இருந்திருப்பாங்கல்ல? பசங்க யாராச்சும்..."

அந்தக் குரலை ஹமீதாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமாக அவளுடைய நெஞ்சுக்குள் ஓயாமல் பேசிய குரல்தான் அது. இப்போது இடம் மாறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"அது பெரிய கதைங்க. ஒரு நாள் சொல்றேன்" என்றாள். "பசிக்குது. அந்த இட்லிக் கடையில நிறுத்துங்க."

அவளுக்கு நாலு இட்லியும் ஒரு வடையும் போன இடம் தெரியவில்லை. சாம்பார் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். அப்சர் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து இலையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு இறங்கவில்லை.

ஹமீதா கை நீட்டி, அவர் இலையிலிருந்த வடையையும் எடுத்துக்கொண்டாள்.