பலூனுக்கு வாயால் சொன்ன அளவு

முதலில் ஒரு மன்னிப்பு.

ஓ.எல். பரீட்சை வரை படித்துவிட்டு அலுவிகாரையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பவள், வாராவாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் எதையாவது எழுதுவதே அதிகம். இந்த வாரம் பலூனில் பறந்ததைப் பற்றி எழுதப் போகிறேன். பறப்பதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. துணியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பலூனும் துணிதானே... அந்தத் தைரியம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை – அதனால் எழுத முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் ரஞ்சனி சீகிரியா பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை செய்கிறாள். அங்கே விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகளைப் பலூனில் ஏற்றிச் செல்கிறார்கள். இடம் மிச்சமிருந்தால் ஹோட்டல் வேலையாட்களின் வீட்டாரையும் ஏற்றுவார்களாம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தையல் எல்லாம் முடிந்து நான் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாள் போன் எடுத்தாள்.

என் கையில் கத்தரிக்கோல். மேசையில் விரித்த துணி. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். கடையில் அப்போது ஜாக்கெட் தைக்க வந்த பரீதா ராத்தா இருந்தார். ஷர்மிளா டீச்சர் இருந்தார். மூலை ஸ்டூலில் என் வீட்டுக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரெண்டு சீட் கிடைச்சிருக்கு! உங்களுக்கும் அப்பாவுக்கும். ஞாயித்துக்கிழமையே வந்துடுங்க, திங்கக்கிழமை விடிய பலூன். ஃபோர்ம் நிரப்பணும். அப்பா எத்தனை கிலோ?"

"எழுவத்திரண்டு" என்றார் அவர் மூலையிலிருந்து. யோசிக்கவே இல்லை.

"நீங்க எத்தனை கிலோம்மா?"

கத்தரிக்கோல் நின்றது. பரீதா ராத்தா தலை நிமிர்ந்தார். டிசைன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த டீச்சரின் விரலும் நின்றது.

"அறுவத்தஞ்சு" என்றேன்.

"சரிம்மா. போட்டுட்டேன்."

மூன்று மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் நர்ஸ் என் அட்டையில் எழுதிய எண், எண்பத்தொன்று. ஆக, பதினாறு கிலோவை வாயிலேயே விழுங்கிவிட்டேன். ஐந்து கிலோ அரிசிப் பை மூன்று, ஒரு கிலோ சீனி ஒன்று. அத்தனையும்!

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாயால் சொன்ன அளவை நம்பித் துணியில் கத்தரி வைக்கக்கூடாது. டேப் வைக்க வேண்டும். ஆனால் கல்யாணம் கட்டிக் கொழும்புக்கும் கண்டிக்கும் போனவர்கள் போனில் அளவு சொல்வார்கள். "அக்கா, அதே முப்பத்தாறுதான். ஒரு மாத்தமும் இல்ல." யாராவது ஒருவர் கூட்டிச் சொல்லியிருக்கிறார்களா? கிடையாது.

நான் எதிர்த்துப் பேச மாட்டேன். "சரிங்க" என்று நோட்டில் முப்பத்தாறு என்றே எழுதுவேன். வெட்டும்போது மட்டும் ஒன்றோ இரண்டோ அங்குலம் கூட்டி வெட்டுவேன். ஜாக்கெட் கச்சிதமாக இருக்கும். "பாத்தீங்களா, நான் சொன்ன அளவு சரியா இருக்கு!" என்பார்கள். "ஆமாங்க" என்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இருபது வருஷமாக ஊராரின் வாயளவைத் திருத்தி வெட்டுகிறவள்... கடைசியில் நானும் வாயால்தான் அளவு சொன்னேன்.

சொல்லிவிட்டு மறந்தும் போனேன். என்ன, ஒரு ஃபோர்ம்தானே!

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே தம்புள்ளைச் சந்தைக்குப் போய்விடுவார். அந்தப் பக்கம் பலூன் ஏறும் மாதங்களில் லொறியை ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, இறங்கி நின்று பார்ப்பாராம். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது சொல்வார். "இன்னைக்கு மூனு. ஒன்னு மஞ்சள்." அவ்வளவுதான். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல. பல வருஷமாக இதே கதை.

ஒரு தடவை கேட்டேன், "ஏறிப் பாக்க ஆசையா இருக்கா?" என்று. "நமக்கு எதுக்கு" என்றார். ஆனால் ரஞ்சனியின் போன் வந்த மறுநாளே, போட்டுப் போக வேண்டிய சட்டையை அயர்ன் பண்ணித் தொங்கவிட்டுவிட்டார். பயணத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் தேர்த் திருவிழாவுக்குப் போனோம். ராட்டினத்துக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார். எங்கள் முறை வந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றேன். அவரும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். கோபமில்லை, ஒன்றுமில்லை. "ஒத்தையா ஏறி என்னா பண்றது?" என்றார்.

திங்கட்கிழமை. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே வேன் எங்களைக் கண்டலமப் பக்கம் ஒரு வெளியில் இறக்கிவிட்டது. மொத்தம் எட்டுப் பேர். வயதான வெள்ளைக்காரத் தம்பதி, கொழும்பிலிருந்து ஒரு அப்பா, அம்மா, பத்து வயசுப் பெண், தனியாக வந்த ஒரு வாலிபர், நாங்கள் இரண்டு பேர். பைலட் ஒரு வெளிநாட்டுக்காரர். அவரோடு வேலை செய்கிறவர்களில் சுனில் என்று ஒருவர், தம்புள்ளைக்காரர், எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பலூன் புல்லில் கிடந்தது. எல்லோரும் சீகிரியா மலை எந்தப் பக்கம் என்று தேடினார்கள். நான் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய நைலோன். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மேலே இரட்டைத் தையல். ஜீன்ஸின் பக்கத் தையல் மாதிரி. எங்கேயும் நூல் பிரியவில்லை. யார் தைத்ததோ, நல்ல கை. எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

அப்புறம் பலூனின் உச்சியைப் பார்த்தேன். அங்கே பெரிய வட்டமாக ஒரு துணி. அது தைக்கவே இல்லை! சும்மா வெல்குரோவில் ஒட்டியிருக்கிறது.

"மல்லி" என்று தம்பி முறை வைத்துச் சுனிலைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டேன். "இத தைக்க மறந்துட்டாங்களா?"

அவர் சிரித்தார். "இல்ல அக்கே. இறங்குறப்போ சூட்டுக் காத்த வெளிய விடணுமே, அதுக்கு. தச்சுட்டா அப்புறம் நாங்க இறங்குறது எப்பிடி?"

பதில் நியாயமாக இருந்தது. அந்த மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்னைக்குக் காத்துதான் கொஞ்சம் சூடு. சூடான நாள்ல பலூன் அவ்வளவு தூக்காது. லிஸ்ட்ல இருக்கிற எடைக்கு மேல பத்துக் கிலோதான் இடம் இருக்கு. பைலட் மஹத்தயா இப்பதான் பாத்தார்."

"கூடிப்போனா?"

"யாராவது ஒருத்தர் கீழ நிக்கணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்துக் கிலோ. நான் விழுங்கியதோ பதினாறு.

கைப்பையை வேனில் வைத்துவிட்டால் ஒரு கிலோ குறையும். செருப்பு? தண்ணீர்ப் போத்தல்? எல்லாவற்றையும் கழற்றினாலும் நான்கு கிலோ இடிக்கிறது. பேசாமல் ஏறிவிடலாமா? அந்தக் கொழும்புப் பெண் குழந்தை தூக்கக் கலக்கத்தில் அம்மா மேல் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படிப் பேசாமல் ஏறுவது?

சொன்னால் நான் கீழே நிற்க வேண்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் நின்றால் இந்த மனுஷன் ஏறுவாரா? "ஒத்தையா ஏறி என்னா பண்றது" என்று வேனில் போய் உட்கார்ந்துகொள்வார். திரும்பிப் பார்த்தேன். அயர்ன் பண்ணிய சட்டையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலூனைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். லொறி வாங்கப் போகிறவர் டயர் பார்க்கிற மாதிரி!

பலூனுக்குள் காற்று நிரப்பப் பெரிய ஃபேன் ஒன்றைப் போட்டார்கள். காதைப் பிளக்கும் சத்தம். இதுதான் நேரம், யாருக்கும் கேட்காது என்று சுனிலிடம் போனேன்.

"மல்லி, என் எடைய தப்பா சொல்லிட்டேன்."

"என்ன அக்கே?"

"எடை! தப்பு!"

"கேக்கல!"

"நான் அறுவத்தஞ்சு இல்ல!"

"அப்ப எத்தனை?"

நெஞ்சில் இருந்த தைரியத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"எண்பத்தொன்னு!"

அந்த நொடியில் ஃபேனை நிறுத்திவிட்டார்கள். வெளி முழுக்க என் எண்தான் கேட்டது. கொழும்பு அம்மா திரும்பினார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்தது. சிங்களம் தெரியாத வெள்ளைக்காரத் தம்பதிகூட ஏதோ நடந்துவிட்டது என்று பார்த்தார்கள்.

சுனில் சட்டைப் பையிலிருந்து லிஸ்டை எடுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இங்க எண்பத்திரண்டுன்னு இருக்கே, அக்கே."

"எது?"

"உங்க எடை. அறுவத்தஞ்சுன்னு யாருமே இல்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு ராத்திரியே புள்ளைக்கு போன் எடுத்து மாத்தச் சொல்லிட்டேன்" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கிளினிக் அட்டையப் பாத்தீங்களா?"

"அட்ட எதுக்கு? இருவத்தஞ்சு வருசமா மூட்ட ஏத்தி இறக்குறேன். பாத்தா தெரியாதா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"ராத்தாவும் டீச்சரும் இருந்தாங்க. அவங்க முன்னுக்கு திருத்தினா நீ ரெண்டு நாளைக்கு சோறு திங்க மாட்ட. அப்புறம் சொல்ல மறந்துட்டேன்."

மறக்கவில்லை. மறக்கிற ஆளில்லை அவர்.

சுனில் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, அண்ணன் முறை வைத்து இவரைக் கேட்டார். "அய்யே, இப்ப எதைப் போட? எண்பத்தொன்னா, எண்பத்திரண்டா?"

"எண்பத்திரண்டே இருக்கட்டும்" என்றார் இவர். "கிளினிக் கணக்கு மூனு மாசத்துக்கு முந்தினது."

கொழும்பு அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அப்புறம் அந்த அம்மா மெதுவாகச் சுனிலிடம் போய் ஏதோ காதில் சொன்னார். சுனில் லிஸ்டில் ஓர் எண்ணை வெட்டித் திருத்தினார். யாருடையது என்று நான் பார்க்கவில்லை. எப்படியோ, பத்துக் கிலோவுக்குள் அடங்கிவிட்டது. எல்லோரும் ஏறினோம்.

பறந்தது எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், பறக்கிற மாதிரியே இல்லை. நாங்கள் நின்றோம், தரை கீழே போனது. பைலட் நெருப்பைத் திறக்கும்போது தலை உச்சி சுடும். மூடினால் அப்படி ஓர் அமைதி. கீழே எங்கேயோ நாய் குரைப்பதுகூடக் கேட்டது. சூரியன் வந்தது. குளம் முதலில் வெளுத்தது, அப்புறம் சீகிரியா மலையின் ஒரு பக்கம். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன மலையாகத்தான் தெரிந்தது. எல்லோரும் மலையைப் படம் எடுத்தார்கள். நான் இரண்டு தடவை தலையைத் தூக்கித் தையலைப் பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் எதையும் படம் எடுக்கவில்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

கீழே ரோட்டோரத்தில் ஒரு லொறி நின்றது. தீப்பெட்டி அளவு. பக்கத்தில் ஓர் ஆள், எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

"தெரிஞ்சவங்களா?" என்றேன்.

"தெரியாது. யாரோ லொறிக்காரன்."

"அப்ப எதுக்குக் கை காட்டுறீங்க?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லுவான்ல" என்றார். "இன்னைக்கு ஒன்னு. செவப்பு."

கை ஆட்டுவதை அவர் நிறுத்தவில்லை. அந்த ஆள் திருப்பி ஆட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை... கண்ணில் நெருப்புச் சூடு பட்டுக் கொஞ்சம் கலங்கலாக இருந்தது.

அறுவடை முடிந்த ஒரு வயலில் இறங்கினோம். கூடை இரண்டு தடவை குதித்து நின்றது. ஏறும்போது சுலபமாக ஏறிவிட்டேன், இறங்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். சுனில் வெளியிலிருந்து கையைப் பிடித்து இழுக்க, இவர் உள்ளேயிருந்து தூக்கிவிட்டார்.

"எண்பத்திரண்டேதான்" என்றார் மூச்சு வாங்க.

வேனில் வரும்போது யோசித்தேன். நான் நோட்டில் ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றை வெட்டுவது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என் விஷயத்தில் இந்த மனுஷன் எத்தனை தடவை, எத்தனை அங்குலம் கூட்டி வெட்டியிருக்கிறாரோ? ராட்டின வரிசையைவிட்டு வந்தாரே... அன்றைக்கு அவருக்கும் பயமாக இருந்ததோ என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர் வழக்கம்போல தம்புள்ளைக்குப் போனார். நான் கடையைத் திறந்தேன். பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் போன் எடுத்து, முப்பத்தாறு என்றார். நோட்டில் முப்பத்தாறு என்று எழுதினேன். முப்பத்தெட்டு வெட்டினேன்.