தனகோட்டி மூடாத ஆட்டம்

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. நான்காம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று என்னை மட்டும் கூப்பிட்டார். மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்த என் கணவர் தனகோட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நாற்பத்து நான்கு வயது.

சொந்த ஊர் வடக்குத்து. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். அதிகம் பேசமாட்டார். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் ஒரு சீட்டாட்டத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அவர் ஷிப்ட்டில் ஒரே நாளுக்கு இரண்டு பேர் லீவு கேட்டால் சண்டை கிடையாது. ஸ்டட் போக்கர் ஆடித் தீர்ப்பார்கள். எப்போதோ இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழக்கிவிட்டுப் போனாராம். பந்தயம் புளியங்கொட்டை, தலைக்கு இருபது. ஆளுக்கு ஒரு சீட்டு கவிழ்த்து, ஒரு சீட்டு திறந்து. பிறகு ஒவ்வொன்றாக இன்னும் மூன்று, எல்லாம் திறந்தே. சீட்டு விழ விழக் கொட்டை கட்டலாம். பிடிக்காவிட்டால் மூடிவிட்டு விலகலாம். ஜோடியை ஐந்து சீட்டு வரிசை வெல்லும்; கடைசியில் கொட்டை யாரிடம் சேர்கிறதோ அவருக்கு லீவு.

ஏழு வருடம் முன்பு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரில் ஆசிரியர் தகுதித் தேர்வு. மகள் இசைப்பிரியாவுக்கு இரண்டு வயது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவருக்கோ அன்று காலை ஷிப்ட். அதே ஞாயிறு கூட வேலை பார்க்கும் கொளஞ்சிநாதன் அண்ணனுக்கும் லீவு வேண்டும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்தார்கள். ஆள் எண்ணிக்கைக்கு அதே ஷிப்ட் சிவசங்கர். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன்.

இவர் மூடிக்கொண்டே இருந்தார். அவர் கணக்குப்படி, கவிழ்ந்ததும் திறந்ததும் ஜோடியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் இரண்டும் எதிராளியின் திறந்த சீட்டைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே விலகிவிடுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலில் வைக்கும் ஒரு கொட்டை அப்படியே போய்க்கொண்டிருந்தது.

“இன்னா தனகோட்டி, கடைய தெறக்கறதுக்குள்ள ஷட்டர இழுத்துடுற?” என்றார் கொளஞ்சிநாதன்.

“சரக்கு இல்லண்ணே.”

“மலர்விழி, ஒங்க வூட்டுக்காரரு சீட்டாட வந்தாரா, மூடி போட வந்தாரா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது கொட்டைதான் மிச்சம்.

அடுத்த கையில் அவர் மூடவில்லை. கடைசிச் சீட்டு விழுந்தபோது அவர் முன்னால் ராஜா, எட்டு, நாலு, ரெண்டு. கொளஞ்சிநாதன் முன்னால் வரிசையாக ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி. சிவசங்கர் பாதியிலேயே மூடிவிட்டார். கொளஞ்சிநாதன் தன் குவியல் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

“அடியில எட்டோ ராஜாவோ இருந்தா வரிச கட்டிடுச்சு. மூடிடுப்பா, ஒனக்குப் பழக்கந்தான.”

இவர் கொஞ்ச நேரம் சிவசங்கர் கவிழ்த்துப்போட்ட சீட்டுகளையே பார்த்தார். பிறகு மிச்சமிருந்த கொட்டை எல்லாவற்றையும் தள்ளினார்.

கொளஞ்சிநாதன் திருப்பிய சீட்டு இன்னொரு ஜாக்கி. இவருடையது இன்னொரு ராஜா.

“எப்படிறா துணிஞ்ச?”

“சிவசங்கர் மூடுறதுக்கு முன்னாடி ஒரு ராஜாவும் ஒரு எட்டும் காட்டுனான். எங்கிட்ட ரெண்டு ராஜா, ஒரு எட்டு. ஒங்களுக்கு வர்றதுக்கு மூணு சீட்டுதாண்ணே பாக்கி.”

“ஒரு மணி நேரமா மூடிகினே இருந்தியா, இதுக்கும் மூடிடுவன்னு நெனச்சிட்டேன்” என்று கொளஞ்சிநாதன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பின் அவர் பக்கம் கொட்டை சேரவே இல்லை. பொங்கலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். நான் தேர்வெழுதித் தேறினேன். இந்தத் தனியார் பள்ளி வேலை அதனால் வந்தது.

இப்போது, வருகிற மாதம் எனக்கு அரசுப் பள்ளிக்கான நியமனத் தேர்வு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கொளஞ்சிநாதன் அண்ணன், கிளம்பும்போது, “ஹால் டிக்கெட் வந்துச்சாம்மா?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். “அன்னிக்கு நான் லீவு சொல்லிட்டேன். பாப்பா எங்க வூட்டுல இருக்கட்டும். யாருகிட்டயும் ஆட வேண்டியதில்ல.”

போகத்தான் போகிறேன். தினமும் விடியற்காலையில் படிக்கிறேன். பழைய வினாத்தாள்களை வருடவாரியாக அவர்தான் கட்டித் தந்துகொண்டிருந்தார். மூன்று கட்டு முடிந்திருக்கிறது. நான்காவதில் துளை மட்டும் போட்டிருக்கிறது, நூல் கோக்கவில்லை.