கள்ளில் புளித்த மாவு

போர்ட் பிளேயர் லம்பா லைன் அரசுக் குடியிருப்பில் அறுபதுகளில் வாழ்ந்த விசாலாட்சியைப் பற்றி விசாரித்தால், அவர் சுட்ட டபுள்ரொட்டி என்னும் பேக்கரி ரொட்டியைத்தான் எல்லோரும் முதலில் குறிப்பிடுகிறார்கள். இங்கே எழுதப்படும் நிகழ்ச்சி அவரே பிற்காலத்தில் சொன்னது. அதற்கு வேறு சாட்சி இல்லை.

கணவர் கிருஷ்ணமூர்த்தி பொதுப்பணித் துறையில் எழுத்தர். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம். தீவுக்கு வந்த புதிதில் பொழுதுபோக்காகத்தான் விசாலாட்சி ரொட்டி சுடத் தொடங்கினார். மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டி, உள்ளே மணல் பரப்பி, மேலும் கீழும் கரி நெருப்பிட்டார். முதல் ரொட்டி கல்லாக இறுகி வந்தது.

"விசாலம், இத வச்சு க்வார்ட்டர்ஸுக்குக் காம்பவுண்டே கட்டலாம் போ" என்றார் கணவர்.

மாவு பொங்குவதற்கான ஈஸ்ட் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். வந்தாலும் கடற்காற்றின் ஈரத்தில் பாதி கெட்டிருக்கும். பக்கத்து மலையாள வீட்டில் ஆப்ப மாவில் கள் ஊற்றுவதை ஒருநாள் பார்த்தார். ஒரு தம்ளர் தென்னங்கள்ளைத் தருவித்து மைதாவில் ஊற்றிப் பிசைந்தார். மாவு பாத்திரத்தை மீறிப் பொங்கியது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டு ரொட்டிக்கு ஆள் கூடியது. பக்குவத்தைக் கேட்டவர்களிடம், "எல்லாம் கைவாகுதான்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பாராட்டு அவருக்குப் பிடித்திருந்தது.

தவறாமல் வந்தவர்கள் மர அறுவை ஆலைத் தொழிலாளி சொக்கலிங்கமும் அவர் மனைவி அலமுவும். சொக்கலிங்கம் ஒரு காலத்தில் சம்பள நாளன்று வழியில் விழுந்து கிடந்தவர். பின்னர் முருகன் கோயிலில் சூடம் அணைத்து, இனி ஒரு சொட்டும் நாக்கில் படாது என்று சத்தியம் செய்திருந்தார். தீவின் இந்தி கலந்த பேச்சில் அதைக் 'கசம்' என்பார்கள். அந்தச் சத்தியத்தால் அலமுவின் வீடு மறுபடி வீடாயிற்று.

ஒரு ஞாயிறு, சொக்கலிங்கம் கையில் ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருக்கையில், கிருஷ்ணமூர்த்தி மற்றவர்களிடம் சொன்னார்: "சொக்கலிங்கத்தப் பாருங்கய்யா. வருஷம் ஒண்ணாச்சு. கள்ளு ஒரு சொட்டு உள்ள போகல. கசம்னா அது கசம்!"

தட்டுடன் நின்றிருந்த விசாலாட்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை மாவில் ஊற்றியதை அவர் கள்ளாகவே நினைத்திருக்கவில்லை. புளிப்பு என்றே நினைத்திருந்தார். தட்டை அடுக்களையில் வைத்துவிட்டு, அழைத்தும் வெளியே வராமல் நின்றார்.

அடுத்த ஞாயிறு டின் ஓட்டையாகிவிட்டது என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அலமு விடவில்லை.

"ஏங்க்கா, எங்களுக்குப் போட்டுப் போட்டு டின்னு தேஞ்சு போச்சா? வராதீங்கன்னு நேராவே சொல்லிருங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அலமு."

"பின்ன என்ன? சாயந்தரமானா அந்த மனுஷனுக்குக் காலு வீட்டுல நிக்க மாட்டேங்குது, கள்ளுக்கடைப் பக்கம் இழுக்குது. ரொட்டி திங்க வந்தா உங்க வீட்டோட கிடப்பாரு. கசம் மட்டும் உடைஞ்சுதுன்னு வைங்க, ஒரேயடியா விழுந்துருவாரு. அவரை எனக்குத் தெரியும்."

சொன்னால் அவர் விழுந்துவிடுவார். சொல்லாவிட்டால், விசாலாட்சியின் ரொட்டி ஏற்கெனவே உடைத்துவிட்ட சத்தியத்துக்கு அவர் பெருமைப்பட்டுக்கொண்டு திரிவார். இரண்டையும் சுமக்க முடியாமல், விசாலாட்சி சொக்கலிங்கத்தை வேலி ஓரத்தில் தனியே நிறுத்தினார்.

"தம்பி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். அந்த மாவுல கள்ளு ஊத்திப் பிசைஞ்சேன். ஆரம்பத்துலேர்ந்தே."

சொக்கலிங்கம் கோபப்படவில்லை. தலை குனிந்துகொண்டார்.

"தெரியும்க்கா."

"என்னது?"

"கள்ளுல ஊறினவன் மூக்குக்கு அது தெரியாதா? மொத நாளே தெரியும். அந்த வாசனைக்குத்தான் வந்தேன். ரொட்டிதான திங்கிறோம், குடிக்கலியேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி என்னப் புகழ்ந்தாரே, செத்துரலாம்போல இருந்துச்சு."

விசாலாட்சிக்கு இரண்டாவது அடி அங்கே விழுந்தது. அவர் கைவாகு என்று சொல்லிக்கொண்ட ஒன்றுக்காக அந்த மனிதர் ஒருநாளும் வந்திருக்கவில்லை.

"அலமுகிட்ட சொல்லிராதீங்கக்கா. மறுபடி சூடம் அணைச்சுர்றேன். இந்தத் தடவ கள்ளு ரொட்டியையும் சேத்து."

"கள்ளு ஊத்தாத ரொட்டி சுட்டா வருவியா?"

அவர் யோசித்தார். "வர்றேன். வரலேன்னா வேற எங்கயாச்சும் போயிருவேன்."

சொன்னபடியே கோயிலுக்குப் போய்வந்தார். அந்த ஞாயிறு விசாலாட்சி தயிர் ஊற்றிப் பிசைந்தார். ரொட்டி பொங்கவில்லை. நடுவில் வேகவும் இல்லை. வந்தவர்கள் ஒரு துண்டோடு எழுந்துகொண்டார்கள். சொக்கலிங்கம் மட்டும் மென்று மென்று விழுங்கி, இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

அலமு வாயிலிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என்னக்கா இது, களி மாதிரி? கைவாகெல்லாம் கப்பலேறிப் போயிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணமூர்த்தியும் சிரித்தார். சொக்கலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அலமு," என்றார் விசாலாட்சி. "போயிருச்சு."